ஒன்பதாவது படிக்காக வெட்டிய சுவர்

அன்பும் கொஞ்சம் கோபமுமாக, என் சீனு அண்ணாவுக்கு,

உன் வருஷாப்திகம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உன்னோடு மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். காபி ஆறிப்போச்சு, ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது என்று சில்லறை விஷயங்கள். இன்று பேனாவை எடுத்ததற்குக் காரணம் பயம். சின்ன வயசில் மேலே பல்லி விழுந்தால்கூட 'அண்ணா!' என்றுதானே அலறுவேன்? அப்படி அலறுகிறேன் என்று வைத்துக்கொள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு நம் ஹால் சுவரிலிருந்து நீ வைத்த பலகையை எடுக்கப் போகிறார்கள். எடுக்கும்போது மேல் மாடி நிற்குமா என்று கேட்டேன். 'நிற்க வேண்டும்' என்றார்கள். 'நிற்கும்' என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று நாளாக எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒட்டி மூடாத கடிதம் இது. என் பெண் ரேவதி படிக்கலாம். மேல் வீட்டு லலிதா படிக்கலாம். இந்த மாட்டுங்கா பில்டிங்கில் தமிழ் படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மறைத்தது போதும்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். எனக்கு முழங்கால் போய்விட்டது அண்ணா. பாத்ரூமை இடித்து வெஸ்டர்ன் வைக்க வேண்டும், வழுக்காத டைல்ஸ் போட வேண்டும் என்று ரேவதி சான்பாடாவிலிருந்து தினம் போனில் ஓதிக்கொண்டிருந்தாள்.

"கான்ட்ராக்டர்கிட்ட குடுத்துடும்மா. பத்து நாள்ல முடிச்சுடுவா. அதுவரைக்கும் நீ எங்காத்துல வந்து இரு."

கான்ட்ராக்டர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உன் குரல்தான் கேட்டது. 'பட்டப்பகல்ல கன்னம் வைக்கறவன்டி அவன்' என்பாய். மில் ஆபீசில் டைப் அடித்த நீ, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன் எல்லாம் ஆகிவிடுவாய். நீ மாட்டின ஃபேன் இன்றும் சத்தமில்லாமல் ஓடுகிறது. நீ வைத்த சமையலறைக் குழாய் முதல் நாளிலிருந்தே சொட்டியது, அதைக் கடைசி வரைக்கும் நீ ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வீராப்பு எனக்கும் தொற்றியிருந்தது. ரேவதியிடம் ஒரு பந்தயம் போட்டேன். ஹாலுக்கு நானே பெயின்ட் அடிக்கிறேன். ஒழுங்காக வந்தால் பாத்ரூமில் பாதி வேலையும் நானே பார்ப்பேன். வராவிட்டால் அவள் சொல்லும் கான்ட்ராக்டர்.

"அறுபத்திநாலு வயசுல ஸ்டூல் மேல ஏறப் போறியா? விழுந்து வெச்சா?"

"உங்க மாமா அறுபத்தேழு வரைக்கும் ஏறினார்."

"மாமா ஏறினார்னா, மாமாக்கு பைத்தியம்மா!"

சிரித்தோம். உன்னைப் பற்றிப் பேசிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் வாட்ச்மேனையும் பால்காரரையும் கெஞ்சிக் கூப்பிட்டு இரும்பு பீரோவை முன்னால் நகர்த்தினேன். அது நின்ற இடம் உனக்குத் தெரியும். ஹாலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவே உள்ள சுவரில், நாம் வெட்டின அந்த ஐந்தடித் திறப்பு. அம்மா போனபின் பின்பக்கத்தை பிளைவுட் வைத்து அடைத்து, பீரோவை உள்ளே தள்ளி, மேலே திரையைத் தொங்கவிட்டோமே, அது. அதற்கப்புறம் அந்தத் திரைக்குப் பின்னால் தலையை நீட்டிப் பார்த்ததே இல்லை நான்.

திறப்பின் வலது மூலையில் தொடங்கிச் சாய்வாக மேலே ஏறி, சீலிங் வரைக்கும் ஒரு விரிசல் போயிருந்தது. என் சுண்டுவிரல் நகம் உள்ளே போயிற்று. மேலே நீ குறுக்கே வைத்த பலகை நடுவில் தொய்ந்திருந்தது. அதன் மேலிருந்த செங்கல்களில் இரண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. வாட்ச்மேனும் பால்காரரும் பீரோவைத்தான் பார்த்தார்கள். நான் சட்டென்று திரையை இழுத்து மூடினேன், உள்ளே யாரோ குளிக்கிற மாதிரி.

அவர்கள் போனதும் போனில் வீடியோ பார்த்தேன். விரிசலை அடைப்பது எப்படி என்று ஊரில் உள்ள அத்தனை பேரும் சொல்லித் தருகிறார்கள். ஒருத்தர் இரண்டே நிமிஷத்தில் பட்டி என்கிற வெள்ளைப் பசையை வைத்துத் தேய்த்து, சுவரைக் குழந்தை கன்னம் மாதிரி ஆக்கிவிட்டார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வீடியோவில் வந்தவர், விரிசல் சாய்வாகப் போனால் நீங்களாகத் தொடாதீர்கள் என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பந்தயத்தில் தோற்றுவிட்டதாக ரேவதியிடம் சொன்னேன். கால் வலி என்று காரணம் சொன்னேன். கோவில் வாசலில் பூ விற்கிற அம்மா ஒரு நம்பர் கொடுத்தாள். தாராவியிலிருந்து சுடலைமுத்து என்று ஒரு கான்ட்ராக்டர் வந்தார். ஐம்பது வயசிருக்கும், திருநெல்வேலிப் பேச்சு. பாத்ரூமைப் பார்க்கத்தான் அவரைக் கூப்பிட்டேன். விரிசலைப் பற்றி மூச்சு விடக்கூடாது, அவராகக் கண்டுபிடித்தால் பார்க்கலாம் என்று ஒரு கணக்கு. என் அசட்டுத்தனத்தைப் பார்த்தாயா?

பாத்ரூம் வரைக்கும் அவர் போகவே இல்லை. ஹாலில் திரைக்குக் கீழே தரையில் உதிர்ந்திருந்த காரைத் தூளைப் பார்த்து நின்றார். என்னைக் கேட்காமலேயே திரையை விலக்கினார்.

"மாமி, இந்தப் பொந்த வெட்டுனது ஆரு?"

"அது... நாங்க குடிவரும்போதே இருந்தது."

பொய் சொன்னேன் அண்ணா. கூசாமல் வந்தது. அவர் விரல் முட்டியால் சுவரை இரண்டு மூன்று இடத்தில் தட்டினார். பலகையில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டார்.

"மேல குடியிருக்காவளா?"

"இருக்கா. ரெண்டு வயசுக் கொழந்தை இருக்கு."

"இது பாரந்தாங்குத செவரு மாமி. கீழ் வீட்ல இருந்து மொட்ட மாடி வரைக்கும் இதுதான் ஏறிப் போவுது. இதுல போயி வாசல் மாதிரி வெட்டி, இரும்பு கர்டர் குடுக்காம கட்டில் பலகையக் குடுத்துருக்கான். எந்தப் புத்திசாலி செஞ்ச வேலையோ தெரியல."

அந்தப் புத்திசாலியின் போட்டோ எதிர்ச் சுவரில் மாலை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்களே சரி பண்ணிட முடியாதா?"

"நான் தொடமாட்டேன். மொதல்ல இஞ்சினியரக் கூப்புடுங்க. அவரு சொல்லட்டும், பொறவு செய்யுதேன். அதுக்கு முந்தி இன்னைக்கே இரும்பு முட்டுக் குடுக்கணும். ஒரு மணி நேரத்துல கொண்டாந்துருவேன். ஏக்தம் டேஞ்சர் மாமி, வெளையாட்டு இல்ல."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சிமென்ட் அப்பச் சொன்னார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடுமாம். "ஒடஞ்சா ஒரு நிமிசம் உள்ள நிக்காதிய" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஏன் நாளைக்கு என்றேன்? நீ கேட்பாய். இரும்பு முட்டுகள் நம் மாடிப்படியில் ஏறினால் பதினோரு குடித்தனத்துக்கும் தெரிந்துவிடும். தெருக்கோடி பில்டிங்கில் போன வருஷம் 'அபாயகரமான கட்டடம்' என்று நோட்டீஸ் ஒட்டினார்களே, நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம். ஒரே வாரத்தில் காலி பண்ணச் சொன்னார்கள். போனவர்கள் யாரும் இன்னும் திரும்பவில்லை. நம் பில்டிங்கில் எல்லோரும் எண்பதும் எழுபதுமாக இருக்கிறார்கள். அவர்கள் எங்கே போவார்கள்? நான் வாயைத் திறந்தால் அவர்கள் தெருவுக்கு வருவார்கள், திறக்காவிட்டால் மேல் வீடு கீழே வரும். இதில் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இருபத்துநாலு, உனக்கு இருபத்தெட்டு. பெரியம்மா காலமாகி, அவளுடைய கொலு பொம்மைகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய நம் வீட்டுக்கு வந்தன. நம்முடையது ஏழு படிக் கொலு. அதற்கே ஹாலில் நாம் பக்கவாட்டில்தான் நடப்போம். அம்மா பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்துத் துடைப்பாள், மறுபடி சுற்றி வைப்பாள்.

"அக்கா பொம்மையெல்லாம் பெட்டியிலயே கெடக்கணுமா சீனு? ஒம்போது படி வெச்சா எல்லாரும் ஒக்காந்துடுவா."

அவள் கேட்டது அவ்வளவுதான். நீ அளவு நாடாவை எடுத்துவிட்டாய். படிகளைப் பின்னால் தள்ளி ஸ்டோர் ரூமுக்குள் விட்டால் ஒன்பது வரும் என்று கண்டுபிடித்தாய். நடுவில் இருந்தது சுவர் மட்டும்தான்.

அப்பா வற்புறுத்தி ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டிவந்தார், ஞாபகம் இருக்கிறதா? அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார், இரும்பு கர்டர் போடாமல் வெட்டக்கூடாது என்றார். அவர் போனதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பொம்மைக்கு எதுக்குடி கர்டர்? இரும்புக் கடைக்காரன்கிட்ட கமிஷன் அடிக்கப் பாக்கறான்." நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கிறது.

நவராத்திரிக்கு முன்னால் மூன்று நாள் லீவு போட்டாய். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு உளியால் உடைத்தாய். நான் வாளி வாளியாகச் செங்கலையும் காரையையும் அள்ளினேன். வீட்டுக்காரரின் ஆள் பார்த்துவிடக் கூடாது என்று புடவைக் கடைப் பைகளில் போட்டு, மேலே ஒரு கறிவேப்பிலைக் கொத்தை வைத்து, கடைக்குப் போகிறவள் மாதிரி தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன். ஒரு நாளைக்குப் பத்து பன்னிரண்டு நடை. கை காய்த்துப் போயிற்று. எனக்கு அது ரொம்பச் சந்தோஷமான மூன்று நாள் அண்ணா. அதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

கடைசி நாள் கட்டிலைக் கழற்றி, அதன் தேக்குப் பலகையைத் திறப்புக்கு மேலே குறுக்கே கொடுத்தாய். சிமென்ட் பூசினாய். அதன்மேல் அம்மா கூரைப்புடவையைக் கொசுவிக் கட்டினாள். ஒன்பது படி. கடைசி இரண்டு படியும் ஸ்டோர் ரூமுக்குள், அதில் சீரியல் பல்பு. செம்பூரிலிருந்தும் தாணேயிலிருந்தும் வந்து பார்த்தார்கள். மேல் வீட்டில் அப்போது தாமு மாமா குடும்பம். அவரே கீழே வந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டு, "சீனு, உன் சாமர்த்தியமே சாமர்த்தியம்டா" என்று முதுகில் தட்டினார். அவர் குழந்தைகள் அந்தச் சமயம் மேலே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அன்று எப்படி இருந்தாள்! அதை நினைத்தால் உன்னைத் திட்டவும் முடியவில்லை.

அந்தக் கான்ட்ராக்டர் கேட்ட 'மேலே யார் இருக்கா' என்ற கேள்வியை நாம் இருவரும் ஒரு தரம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபேன், அலமாரி, குழாய் எல்லாவற்றையும் நீயே செய்தாய். தப்பாகப் போனாலும் நம் தலையோடு போயிருக்கும். சுவர் அப்படி இல்லை என்று உனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் துணிந்தாயா? இதற்கு மட்டும் நீ பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். சுடலைமுத்து சொன்னபடி ஒரு பழைய காலண்டர் ஃபிரேமின் கண்ணாடியை உடைத்து, ஒரு துண்டை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினேன். அதற்கப்புறம் எனக்கு வேறு வேலை இல்லை. காபி போட்டால் கண்ணாடியைப் பார்ப்பேன். சாதம் வைத்தால் பார்ப்பேன். மேலே லலிதாவின் பெண் ஆத்யா ஓடும்போதெல்லாம் சமையலறையில் அப்படியே உறைந்து நிற்பேன். அது நடக்கிற குழந்தை இல்லை, ஓடுகிற குழந்தை. பால்கனியிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து பால்கனிக்கு. திம் திம் திம் என்று என் தலைமேலேயே ஓடும்.

பயத்தில் என்னென்ன கூத்தடித்தேன் தெரியுமா? மார்க்கெட்டுக்குப் போய் ஒரு தடிமனான மெத்தை வாங்கி லலிதாவிடம் கொடுத்தேன். "கொழந்தை விழுந்தா அடிபடாது, ஹால்ல விரிச்சுடு" என்றேன். "ஐயோ, எதுக்கு மாமி இதெல்லாம்" என்று அவள் நெகிழ்ந்து போய்விட்டாள். அடுத்த நாள், மத்தியானம் குழந்தையை என்னிடம் விடு, நீ சற்றுத் தூங்கு என்றேன். மேலே ஓடாமல் இருக்குமே என்று. ஆத்யா வந்தாள். வந்தவள் நேரே ஹாலுக்கு ஓடித் திரையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் உறைத்தது, மேலே இருப்பதைவிட அந்தச் சுவருக்குக் கீழே இருப்பது இன்னும் மோசம் என்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். முழங்கால் வலி அப்போது தெரியவே இல்லை. அரைமணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்து அவளுக்கு பிஸ்கட் ஊட்டினேன். உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கு இவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது.

விரிசலைப் பார்த்துப் பதினோராம் நாள் காலை. குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்த்தேன். கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் தங்கை இல்லையா! வெளியே ஓடவில்லை. உன் கருவிப் பெட்டியைத் திறந்து, பெயின்டுக்காக வாங்கி வைத்திருந்த பட்டியைக் குழைத்து, ஸ்டூலில் ஏறி விரிசலை அடைக்க ஆரம்பித்தேன். அடைத்துவிட்டால் இல்லாமல் போய்விடும் என்று நிஜமாகவே நம்பினேன். முக்கால்வாசி அடைத்திருப்பேன். மேலே ஆத்யா ஓடினாள். பலகைக்கு மேலிருந்து பொலபொலவென்று காரை உதிர்ந்து என் தலையிலும் பட்டி டப்பாவிலும் விழுந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். கையைக்கூடக் கழுவாமல் மாடி ஏறினேன்.

"என்ன மாமி, தலையெல்லாம் வெள்ளையா? பெயின்ட் அடிக்கறேளா?" என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள் லலிதா.

"லலிதா, கொழந்தையத் தூக்கிக்கோ. கீழ எங்காத்துச் செவரு விட்டுண்டிருக்கு. உங்காம் அது மேலதான் நிக்கறது. அது தானா விடலை. நாற்பது வருஷம் முன்னாடி நானும் எங்கண்ணாவும் வெட்டினோம்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. உள்ளே போய் ஆத்யாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும் மாமி?"

"பதினோரு நாளா."

ஹாலில் விரித்திருந்த மெத்தையை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் இதா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பையை மாட்டிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, சுனாபட்டியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். என்னைத் தாண்டி நாலு படி இறங்கினவள் நின்றாள். "மத்தவாளுக்கும் சொல்லுங்கோ. நாளைக்கு இல்லை, இப்பவே" என்றாள். ஆத்யா மட்டும் அவள் தோளுக்கு மேலே எனக்குக் கை ஆட்டிக்கொண்டே போனது.

ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒவ்வொரு வாசலிலும் அதே வாக்கியம், நானும் எங்கண்ணாவும் வெட்டினோம். சிலர் திட்டினார்கள். ஒருத்தர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். ஒரு மாமி, "சீனுவா? அவன் நல்ல பையனாச்சே" என்று அழுதாள். சுடலைமுத்துவுக்குப் போன் பண்ணினேன். சொன்னபடி ஒரு மணி நேரத்தில் எட்டு முட்டுகளோடு வந்து நிறுத்தினார். "இதத்தான அன்னைக்கே சொன்னேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் முட்டுக் கொடுக்கும் வரை எல்லோரும் தெருவில் நின்றோம்.

இரண்டு நாள் கழித்து இன்ஜினியர் வந்தார். மராட்டிக்காரர், கையில் ஒரு சின்னச் சுத்தியல். இப்போது தாணேயில் இருக்கும் கீழ் வீட்டுக்காரர் வந்து, பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் திறந்துவிட்டார். கீழிருந்து மொட்டை மாடி வரைக்கும் ஒவ்வொரு சுவராகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார் இன்ஜினியர். கடைசியில் நம் ஹாலில் வந்து நின்று, இது இத்தனை வருஷம் எப்படி நின்றது என்று தெரியவில்லை என்று ஹிந்தியில் சொன்னார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, இதை யார் எப்போது வெட்டியது, எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

ரேவதி பக்கத்தில்தான் இருந்தாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மாமா பேரை எதுக்கும்மா இழுக்கறே? பழைய பில்டிங், தானா விரிசல் விட்டதுன்னு சொல்லிடு. போனவரைப் பத்தி இனிமே பேசி என்ன ஆகப்போறது?"

எனக்கும் அந்த ஆசைதான். உன் பேர் ஊர் வாயில் விழுவதை நான் எப்படித் தாங்குவேன்? இன்ஜினியரிடம், வயசானதால் வந்த விரிசல் என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்படியானால் எல்லாச் சுவரையும் சந்தேகப்பட வேண்டும், முழுச் சோதனை முடியும் வரை பில்டிங்கையே காலி பண்ணச் சொல்லித்தான் எழுத முடியும் என்றார். ஒரு ஆள் வெட்டினது என்று தெரிந்தால் இந்தச் சுவரை மட்டும் சரி பண்ணினால் போதும், மற்ற சுவரெல்லாம் உறுதியாகத்தான் இருக்கின்றன என்றார்.

பதினோரு நாள் நான் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது வாயை மூடினால்தான் நடக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என்மேல் கேஸ் வருமா என்று கேட்டேன். தெரியாது என்றார். உன் முழுப்பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். ரேவதி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

நாளைக்குப் பலகையை எடுத்துவிட்டு இரும்பு கர்டர் ஏற்றுகிறார்கள். சுடலைமுத்துதான் செய்கிறார், இன்ஜினியர் பக்கத்தில் நிற்பார். நான் ஒரு ஆணியைக்கூடத் தொடப்போவதில்லை. பலகையை உருவி கர்டரை உட்கார வைக்கும் வரைக்கும்தான் ஆபத்தாம். காலை ஏழு மணிக்கெல்லாம் பில்டிங்கில் ஒருத்தரும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் கோவில் மண்டபத்தில் போய் உட்காரப் போகிறோம். உள்ளே சுடலைமுத்துவும் அவருடைய இரண்டு ஆட்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கின்றன, அதையும் கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று ஆகிவிட்டது.

பயமாக இருக்கிறது அண்ணா. நீ இருந்தால் நாளைக்கு அந்த மண்டபத்தில் என்னோடு உட்கார்ந்திருப்பாயா, இல்லை உளியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பாயா? நீ உள்ளேதான் போயிருப்பாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

லலிதா இன்னும் என் போனை எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க அவளுக்கு நியாயம் இருக்கிறது. உன்னால் எழுந்து வந்து அவளிடம் பேச முடியாது. அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை நல்லபடியாக முடிந்தாலும் முடியாவிட்டாலும், நேரே சுனாபட்டிக்குப் போவேன். கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போவேன், அதற்கு மறுநாளும். திறக்கிற அன்றைக்கு, முதலில் எனக்காக மன்னிப்புக் கேட்பேன். அதே வாசலில் நின்று, உனக்காகவும் கேட்பேன்.

உன்னோடு சேர்ந்து அந்தச் சுவரை உடைத்த உன் தங்கை,
வசந்தா